பாங்கொக்குக்குக் கொண்டுபோன அட்டை

குருநகர் யோசப்பினைப் பற்றி எழுதுவதென்றால் அவளுடைய கை மணத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். அவள் கடலட்டை பதப்படுத்துகிற வாடியில் இருபத்தெட்டு வருசமாக வேலை செய்கிறவள். வயலில் காலில் ஒட்டுகிற அட்டையை நினைத்துவிட வேண்டாம். இது கடலின் அடியில் மண்ணைத் தின்றுகொண்டு கிடக்கிற ஒரு சீவன். கண் இல்லை, கால் இல்லை, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கையில் எடுத்தால் தண்ணீரைப் பீச்சும், இன்னும் கோபம் வந்தால் குடலையே பீச்சும். குருநகரில் நண்டு, திருக்கை, கணவாய் என்று கடலில் அசைகிற எல்லாவற்றையும் தின்பார்கள். அட்டையை மட்டும் ஒருவரும் தின்பதில்லை. காயவைத்துச் சீனாக்காரருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த அட்டையின் வயிற்றைக் கீறி, குடலை வழித்து, கிடாரத்தில் அவித்து, மணலில் புதைத்து, அடுத்த நாள் தோண்டி எடுத்துத் தோலைச் சுரண்டி, திரும்பவும் அவித்து வெயிலில் போடுவதுதான் யோசப்பினின் வேலை. அவிக்கும்போது வருகிற மணத்தை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சாப்பிட்டுவிட்டு இதை வாசிக்கக் கூடும்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. நான் பராசக்தி, உரும்பிராய். பிறந்ததில் இருந்து சுத்த சைவம். முட்டை போட்ட கேக் என்று தெரிந்தால் பக்கத்தில் இருக்கிற பிஸ்கட்டையும் தொடமாட்டேன். அப்படிப்பட்ட எனக்குக் கிடைத்த உத்தியோகம் கடற்கரையில் ஒரு மீனவர் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை. இருபத்திரண்டு வருசம் கைலேஞ்சியில் தைலம் தெளித்து மூக்கில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

யோசப்பின் முதல்முதல் ஒரு படிவத்தோடு என் மேசைக்கு வந்தபோது நான் கதிரையைப் பின்னால் தள்ளினேன். வேண்டுமென்று செய்யவில்லை, கதிரை தானாகப் போனது. அவள் கண்டுவிட்டாள். "மூக்கைப் பொத்துங்கோ அக்கா, எனக்கு ஒண்டுமில்லை. கை ரெண்டும் தேவைப்படும் எழுத, அதுதான் யோசிக்கிறன்" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கைலேஞ்சியை மேசையில் வைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் தொடங்கியது.

அந்தப் படிவம் அவளுடைய புருசன் கிறிஸ்ரோபருக்குச் சக்கர நாற்காலி கேட்டு எழுதியது. கிறிஸ்ரோபர் அட்டைக்குச் சுழியோடுகிறவர். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு பதினைந்து பாகம் ஆழத்துக்குப் போவார். அந்த ஆழத்தில் இருந்து ஆறுதலாக, நின்று நின்றுதான் மேலே வர வேண்டும். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னம் ஒருநாள் சிலிண்டரில் காற்று முடிந்து சட்டென்று மேலே வந்துவிட்டார். வள்ளத்தில் ஏறி ஒரு தேத்தண்ணி குடித்தார். அதற்குப் பிறகு எழும்பவில்லை. இடுப்புக்குக் கீழே ஊசி குத்தினாலும் தெரியாது.

அன்றைக்கு அவருடைய வலைப்பையில் ஒரேயொரு அட்டைதான் கிடந்தது. அவரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு வந்த யோசப்பின், என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பழக்கத்தில் அதையும் கீறி அவித்துப் புதைத்துக் காயவைத்துவிட்டாள். பிறகு அதை வாடியில் கொடுக்க மனம் வரவில்லை. வீட்டில் அந்தோனியார் படம் இருக்கிற சுவர்த் தட்டில் வைத்தாள். கிறிஸ்ரோபரின் கட்டில் அந்தத் தட்டுக்கு நேரே கிடக்கிறது.

"எனக்கு அதைக் கண்ணிலை காட்டக்கூடாதக்கா. ஆனால் அவருக்கு அது வேணும்" என்று யோசப்பின் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒருமுறை அதை எறிவதென்று முடிவு செய்து எடுத்து விறகுக்குள் ஒளித்தாளாம். அன்று பின்னேரமே அவர் தட்டைப் பார்த்து, அதில் கிடந்தது எங்கே என்று கேட்டாராம். அடுத்த நாள் அது திரும்பவும் அந்தோனியாரின் காலடிக்கு வந்துவிட்டது.

போன வருசம் நோர்வேயில் இருக்கிற என் தம்பி, அத்தானும் நீயும் ஒருக்கால் எங்கேயாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பாங்கொக்குக்கு ஐந்து நாள் பயணம் ஒழுங்கு செய்தான். என் வீட்டுக்காரர் பரமலிங்கத்துக்கு விமானம் என்றாலே பயம். யாரையாவது கூட்டிக்கொண்டு போ, என்னை விடு என்றுவிட்டார். நான் யோசப்பினைக் கேட்டேன். அவளுடைய மகள் நிரோஜினி ஐந்து நாள் தகப்பனைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தாள்.

பயணம் சொல்லப் போன அன்று கிறிஸ்ரோபர் தட்டைக் காட்டி, அதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அந்த ஊரில் சீனாக்காரர் இருக்கிறார்கள்தானே, அதைச் சமைக்கக் கொடுத்துத் தின்று பார்த்து, என்ன ருசி என்று வந்து சொல்ல வேண்டுமாம். யோசப்பின் வாயைத் திறந்தபடி நின்றாள். பன்னிரண்டு வருசத்தில் அவர் தானாக அதை அசைக்கச் சொன்னது அன்றைக்குத்தான். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அவள் என்ரை மனம் நோகக்கூடாதெண்டு பொய் சொல்லுவாள். நான் உங்களைத்தான் கேப்பன். நீங்கள் உள்ளதைச் சொல்லுவியள்."

படலைக்கு வெளியே வந்ததும் யோசப்பின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை எப்படியும் செய்துமுடிக்க வேண்டும், கேட்காத மனுசன் வாய்திறந்து கேட்டுவிட்டார் என்றாள். அவளுக்குப் பாங்கொக் அன்றைக்கே மறந்துபோய்விட்டது.

அதை அவள் தன் பெட்டியில் கொண்டு வருவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பாங்கொக்கில் இறங்கி அறைக்குப் போனோம். எனக்குத் தலையிடி. அறையில் இருந்த கரண்ட் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து வெறுந்தேத்தண்ணி ஊற்றினேன். என் பெட்டிக்குள் ஒரு பேணி, அதற்குள் ஊரில் இருந்து உடைத்துக் கொண்டுவந்த பனங்கட்டி. கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுப் பேணிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து, ஒரு கடி கடித்து, தேத்தண்ணியை உறிஞ்சினேன்.

பல்லுக்குள் இறங்கவில்லை. பழைய பனங்கட்டி சில நேரம் இறுகிப்போகும். நன்றாக வாயில் வைத்துச் சூப்பினேன். உப்பு. பிறகு மணல். பிறகு சங்கத்துக் கட்டடத்தின் பின்பக்கத்தில் காற்று மாறி அடிக்கிற நாளில் வருகிற அந்த மணம். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் கையில் கிறிஸ்ரோபரின் அட்டை.

நான் குழாயடிக்கு ஓடினேன். வாயை ஏழு தரம் கொப்பளித்தேன், திருநீற்றை எடுத்து நாக்கில் தேய்த்தேன். யோசப்பின் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்று பயந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசின மனுசியின் பலகாரப் பேணியை ஒருவரும் கிண்டமாட்டார்கள் என்று அதற்குள் ஒளித்தாளாம். அந்தப் பனங்கட்டி முழுவதையும் குப்பையில் கொட்டினேன். நாலு நாளும் சீனி போட்டுத்தான் தேத்தண்ணி குடித்தேன்.

அன்றைக்கே போய்ச் சேர்ந்ததும் சேராததுமாக யோசப்பின் என்னைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நடைபாதை முழுவதும் அடுப்பு. ஒரு தள்ளுவண்டியில் தேள், கால்களும் கொடுக்கும் விரித்தபடி ஈர்க்கில் குத்திப் பொரித்து நிறுத்தியிருந்தது. பக்கத்தில் தத்துவெட்டி என்கிற வெட்டுக்கிளி, அதற்குப் பக்கத்தில் வெள்ளைப் புழு, குவித்து வைத்து மேலே எண்ணெய் தெளித்துக்கொண்டிருந்தான். ஒரு சட்டியில் இரத்தத்தைக் கட்டியாக உறையவைத்துத் துண்டு போட்டிருந்தார்கள். எனக்கென்று நான் கண்டுபிடித்தது அவித்த சோளம் ஒன்றுதான். அதை எடுத்துத் தந்த மனுசி அதே இடுக்கியால் பக்கத்துச் சட்டியில் பன்றிக் குடலைப் பிரட்டினாள். சோளத்தை ஒரு நாய்க்குப் போட்டேன். நாயும் மணந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

யோசப்பின் எல்லாவற்றையும் தின்றாள். தேளைக் கொடுக்கோடு நறுக்கென்று கடித்து, நண்டுக்கால் மாதிரித்தான் கிடக்கு அக்கா என்றாள். தத்துவெட்டியைக் கச்சான் போல வாயில் எறிந்துகொண்டு நடந்தாள். வெள்ளைப் புழுவில் ஒன்றை நசுக்கி உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்டியும் வைத்தாள். இவளுக்கு அருவருப்பு என்ற ஒன்றை ஆண்டவர் வைக்கவே இல்லை என்று நினைத்தேன். அது பிழை என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது.

புதன்கிழமை காலையில் சீனாக்காரர் இருக்கிற பகுதிக்குப் போனோம். ஒரு ஒடுங்கின சந்து, இரண்டு பக்கமும் கடை. மீன் வயிற்றுப் பை, காய்ந்த இறால், தாராக் கழுத்து என்று தொங்கியது. நிலத்தில் பெரிய பெரிய வாளிகளில் தண்ணீர், அதற்குள் கறுப்பாக, தடியாக, வழுவழுவென்று ஊறிக்கிடந்தது அட்டை. நான் ஊரில் உயிரோடு கண்டதைவிட அது பெரிதாக இருந்தது. யோசப்பின் வாளிக்குப் பக்கத்தில் குந்தி இருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். இதைக் கீறினவளுக்குக் கை நடுங்கியிருக்கு, இதைச் சரியாகச் சுரண்டவில்லை என்று குற்றம் சொல்லிக்கொண்டே போனாள். இருபத்தெட்டு வருசம் தான் அனுப்பினது போய்ச் சேருகிற இடத்தை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

சந்தின் முடிவில் ஒரு கிழவி ரசம் மாதிரி ஏதோ காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் அட்டைத் துண்டு இருந்தது. யோசப்பின் கைப்பையைத் திறந்து கிறிஸ்ரோபரின் அட்டையை நீட்டினாள். கிழவி வாங்கி மணந்தாள், நகத்தால் சுரண்டினாள், மேசையில் தட்டிச் சத்தம் கேட்டாள். பிறகு யோசப்பினின் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையில் இருந்த தழும்புகளைப் பார்த்துவிட்டு, நீயா செய்தது என்று கண்ணால் கேட்டாள். யோசப்பின் ஓம் என்று தலையாட்டினாள். கிழவி பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். யோசப்பினின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் நிரோஜினி சோதினை பாஸ் பண்ணின அன்றும் காணவில்லை.

கிழவி சைகையால் சொன்னது எனக்கும் விளங்கியது. உடனே சமைக்க முடியாது. தண்ணீரில் போடு, கொதிக்கவை, தண்ணீரை மாற்று, திரும்பவும் ஊறப்போடு. இரண்டு விரலைக் காட்டினாள், இரண்டு நாள். பிறகு கொண்டுவா, நான் சமைத்துத் தருகிறேன்.

அந்த இரண்டு நாளும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். குளிக்கிற அறையில், நான் பல் தீட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஐஸ் வைக்கிற வாளிக்குள் அது ஊறிக்கிடந்தது. காலையில் விரல் அளவாக இருந்தது பின்னேரம் மணிக்கட்டு அளவானது. கல்லாக இருந்தது மெத்தென்று ஆனது. வாளி ஆடினால் அதுவும் உள்ளே ஆடும். நான் துவாயால் அதை மூடிவிட்டுக் குளித்தேன். அதற்குக் கண் இல்லை என்று தெரிந்தும் மூடினேன்.

வியாழக்கிழமை காலையில் எழும்பித் தேத்தண்ணி ஊற்றினேன். ஒரு மிடறு குடித்ததும் ஏதோ கொழகொழப்பு. இந்த ஊர்த் தண்ணீர் இப்படித்தானோ என்று நினைத்து மற்ற மிடறையும் குடித்தேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. யோசப்பினைப் பார்த்தேன். அவள் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்தாள். கிழவி கொதிக்கவைக்கச் சொன்னாள்தானே. அறையில் வேறு சட்டி இல்லை. முதல் நாள் இரவு நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதைக் கேத்திலுக்குள் போட்டு அவித்திருக்கிறாள்.

நான் அன்றைக்குக் குடல் வெளியில் வருகிற அளவுக்குச் சத்தி எடுத்தேன். பாவி, நீர் என்னைக் கொல்லத்தான் கூட்டிக்கொண்டு வந்தனீர் என்று ஏசினேன். உண்மையில் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். அவள் என் முதுகைத் தடவிவிட்டாள். அந்தக் கையும் அட்டை மணந்தது. பின்னேரம்வரை நான் அவளோடு கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. ஊரில் என்றால் தலைக்குத் தோய்ந்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருப்பேன். இங்கே ஒரு பொலித்தீன் பைக்குள் அட்டையைத் தூக்கிக்கொண்டு போன யோசப்பினுக்குப் பின்னால் சந்துக்குள் நடந்தேன். பையைத் தூக்கினவள் அவள்தான். என்றாலும் கூட நடந்ததே பாவம் என்று எனக்கு இருந்தது. கிழவி எங்களைக் கண்டதும் வாங்கு ஒன்றைத் துடைத்து இருத்தினாள். அட்டையை வாங்கிக் குறுக்கே வெட்டினாள். ஆறு துண்டு வந்தது. காளான், இஞ்சி, கறுப்புத் தண்ணி ஒன்று என்று போட்டுக் கொதிக்கவைத்து ஒரு பீங்கானில் ஊற்றி யோசப்பினுக்கு முன்னால் வைத்தாள்.

யோசப்பின் சிலுவை போட்டாள். கரண்டியில் ஒரு துண்டை எடுத்தாள். அது கரண்டியில் நடுங்கிக்கொண்டு இருந்தது. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள், திரும்ப வைத்தாள். இன்னொருமுறை எடுத்தாள். தேளையும் புழுவையும் சிரித்துச் சிரித்துத் தின்றவளின் தொண்டையில் இருந்து ஓங்காளச் சத்தம் வந்தது. கண் முழுவதும் தண்ணீர்.

"என்னாலை ஏலாதக்கா. ஒவ்வொரு நாளும் துடைக்கிறனான்தானே. அவரின்ரை கால் மாதிரிக் கிடக்கு."

நான் பீங்கானைப் பார்த்தேன். அவள் சொன்னபிறகு எனக்கும் வேறு மாதிரித் தெரியவில்லை.

கிழவி பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டிவிட்டுப் போகலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கொட்டுகிற இடம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. மேசைக்குப் பக்கத்தில் ஒரு கழிவு வாளி, அதற்குள் எலும்பும் எச்சில் கடதாசியும். அதற்குள் இதைக் கொட்டினால் யோசப்பின் வீட்டுக்குப் போய் அந்த மனுசனின் முகத்தில் எப்படி முழிப்பாள்? அவர் என்னைத்தான் கேட்பேன் என்று சொல்லியிருக்கிறார். நான் என்னத்தைச் சொல்லுவது?

பீங்கானை என் பக்கம் இழுத்தேன். யோசப்பின் என் கையைத் தட்டிவிட்டாள். வேண்டாம் அக்கா, வெள்ளிக்கிழமை என்றாள். வாயை மூடிக்கொண்டு அங்காலை பார்த்து இரும் என்றேன்.

முதல் துண்டு நாக்கில் பட்டதும் உடம்பு முழுவதும் மயிர் கூச்செறிந்தது. அது வாய்க்குள் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. கடித்தால் பல்லுக்குள் அகப்படாமல் பக்கத்துக்குப் போனது. அகப்பட்டபோது சளியும் றப்பரும் சேர்ந்தது போல ஒன்று, எவ்வளவு மென்றும் குறையாமல் அங்கேயே கிடந்தது. மூக்கைப் பொத்தினேன். கண்ணை மூடினேன். விழுங்கினேன். அது இறங்கின பாதை முழுவதும் எனக்குத் தெரிந்தது. வயிறு அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டாவது அதைவிட மோசம், என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டதால். நாலாவதில் அழுதுவிட்டேன். ஆறையும் தின்றேன்.

ருசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ருசி இல்லை. அந்தக் கறுப்புத் தண்ணியின் உப்பும் இஞ்சியும் தெரிந்தது, அட்டையில் இருந்து ஒன்றும் தெரியவில்லை. அந்த அருவருப்போடு சேர்த்து எனக்கு ஆத்திரமும் வந்தது. இதற்கா அந்த மனுசன் இரண்டு காலையும் கொடுத்தார்? இதற்கா இவள் இருபத்தெட்டு வருசம் கிடாரத்தடியில் வேகிறாள்?

திரும்பி வரும்போது விமானத்தில் நாங்கள் இருவரும் ஒரு முடிவு செய்தோம். உள்ளதைச் சொல்லக் கூடாது. ருசி இல்லை என்று கேட்டால் அவர் உடைந்துபோவார். நல்ல ருசி என்று நான் சொல்ல வேண்டும், யோசப்பின்தான் தின்றாள், நானும் ஒரு துண்டு பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்லுவது என்று யோசப்பின் எனக்குப் பாடம் எடுத்தாள். நான் கொழும்பு வரைக்கும் மனப்பாடம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் பார்த்துக் குருநகருக்குப் போனேன். கிறிஸ்ரோபர் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து இருந்தார். அந்தோனியாரின் காலடி வெறுமையாக இருந்தது. யோசப்பின் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். அவர் பயணத்தைப் பற்றி, ஊரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன மாதிரி அக்கா?"

"நல்ல ருசி தம்பி. அப்பிடியே இறால் மாதிரி."

"அக்கா எப்ப இறால் திண்டனீங்கள்?"

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது. ஐம்பத்தொன்பது வயதில் ஒரு பொய் சொல்ல வெளிக்கிட்டு, அதையும் இந்த வடிவில் சொல்லி மாட்டிக்கொண்டேன். காது இரண்டும் சுட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பேணியில் இருந்து, கேத்திலில் இருந்து, ஆறு துண்டு வரைக்கும். ஒரு ருசியும் இல்லை தம்பி, ஓங்காளிச்சுக்கொண்டுதான் திண்டனான் என்றேன்.

"நீங்களோ? வெள்ளிக்கிழமையோ?"

"ஓம். அவவாலை ஏலேல்லை."

அவர் உடைந்துபோகவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், தோள் குலுங்கினது சிரிப்பில். பிறகு மெதுவாகச் சொன்னார், அதில் ருசி இல்லை என்று அவருக்குத் தெரியுமாம். இருபது வயதில் வாடியில் பெடியங்களோடு பந்தயம் கட்டி ஒன்றை அவித்துத் தின்றவராம். மூன்று நாள் வேறு ஒன்றும் தின்ன முடியவில்லையாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பின்னை ஏன் எங்களை அனுப்பினனீர் என்று கத்திவிட்டேன்.

"அதை வீட்டை விட்டு அனுப்ப எனக்கு வேறை வழி தெரியேல்லை அக்கா. கண்ணுக்கு முன்னாலை பன்னிரண்டு வருசம். ஒருநாள் காணேல்லை. எங்கை எண்டு சும்மாதான் கேட்டன், அடுத்த நாள் திரும்ப வந்திட்டுது. அவளுக்கு அது வேணுமாக்கும் எண்டு விட்டிட்டன்."

யோசப்பின் குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது.

"பன்னிரண்டு வருசம் நான் உதுக்குத் தூசு தட்டினனான்" என்றாள்.

"நான் பாத்துக்கொண்டு கிடந்தனான்" என்றார் அவர்.

அவள் கோப்பையை என் கையில் தந்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில், அவருடைய காலுக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேரும் அந்த வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து அறைய வேண்டும் போலவும் இருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது. ஒருநாள், ஒரேயொரு நாள், இது உனக்கு வேண்டுமா என்று ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் நான் சைவக்காரியாகவே செத்திருப்பேன்.

வாயில் அந்த வழுவழுப்பு இன்னும் இருந்தது. தேத்தண்ணியை மணந்து பார்த்துவிட்டுக் குடித்தேன்.